மணலுக்கு மேல் ஒரு பட்டன்

1. சாம்பல் பெட்டிகள்

ரியாஸ் நானா "இது சின்ன வேல" என்று சொன்னால், அன்று என் மதியச் சோறு ஆறிப்போகும் என்று அர்த்தம். புத்தளம் டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் அவர் ஒரு சொப்ட்வெயார் கம்பனி நடத்தினார். கம்பனி என்றால் முதலாளி அவர், புரோகிராமர் நான், அவ்வளவுதான். அவர் ஊரெல்லாம் சுற்றி வேலை பிடித்து வருவார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு அதைச் செய்வேன்.

அன்று அவருடைய சின்ன வேலை என் ஸ்கிரீனில் இப்படி நின்றது. கல்பிட்டிக் கடற்கரையில் வரிசையாக இழுத்து வைத்த போட்டுகளின் படம். ஒவ்வொரு போட்டின் மேலும் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

"என்ன ஷிபானா, எல்லாப் போட்டையும் தகரத்தால மூடிட்டியா?" என்றார் ரியாஸ் நானா.

"மூடல்ல நானா. அதெல்லாம் பட்டன். கண்ணாடி மாதிரி ஊடால தெரியோணும்."

"எனக்கு ஒண்டும் தெரியல்லியே."

"எனக்கும்தான் தெரியல்ல" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பழக்கம் எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

வேலை வந்த கதையைச் சொல்லவேண்டும். யுத்தம் முடிந்த பிறகு கல்பிட்டிப் பக்கம் டொல்பின் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் போட்டில் ஆட்கள் உட்காரக் கதிரை பூட்டி, லைஃப் ஜெக்கட் வாங்கி, ஆட்களை ஏற்றினார்கள். ஆட்கள் வந்தால் சண்டையும் வரும். சுபஹுத் தொழுகை முடிந்ததும் கரைக்கு வந்து "நான்தான் முதல் வந்த" என்று ஒருவர் நிற்பார். "நீ வரக்குள்ள நான் எஞ்சினே பூட்டிட்டன்" என்று மற்றவர் நிற்பார். வந்த வெள்ளைக்காரர்கள் கடலில் டொல்பின் பார்ப்பதற்கு முன்னாலேயே கரையில் கூத்துப் பார்த்தார்கள். அதனால் போட் சொந்தக்காரர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் செக்ரெட்டரி ஜவுபர் நானா எங்கள் ஒபிஸுக்கு வந்தார்.

"வந்தவன் வந்த ஒழுங்குல போகோணும். அத மிசின் எழுதி வெக்கோணும்" என்றார்.

"சரி நானா. போட்டுட பேர லிஸ்ட்டா போட்டுத் தாறன். அவங்கட பேர அவங்க தொட்டாச் சரி" என்றேன்.

"எந்த பாஷைல போடுவீங்க? சிங்கள ஆக்கள் இரிக்கிறாங்க, தமிழ் ஆக்கள் இரிக்கிறாங்க. எழுத்தே தெரியாதவங்களும் இரிக்கிறாங்க. அதோட சென் அன்தனி என்டு மட்டும் மூணு போட் இரிக்கிது மக."

"நம்பர் போடுவமா?"

"நம்பரா? ஒருத்தனுக்கு ஒண்டு குடுத்தா மத்தவனுக்கு ரெண்டு குடுக்கோணுமே. எவன் வாங்குவான்?"

பிறகு அவர் ஒரு படத்தை எடுத்து வைத்தார். ஒரு பொடியனைத் தண்ணித் தாங்கிக்கு மேல் ஏற்றி எடுப்பித்த படம். அந்தக் கரையில் ஒவ்வொரு போட்டுக்கும் ஓரிடம் உண்டு. அவரவர் இடத்தில்தான் அவரவர் போட் ஏறும். போட்டின் பெயர் தெரியாதவருக்கும் இடம் தெரியும். படத்தில் தன் போட்டைத் தொட்டால் அன்றைய வரிசையில் அதற்கு முறை விழவேண்டும். ஆனால் போட்டுக்கு மேல் பெட்டியோ கோடோ எதுவும் வரக்கூடாது. பெயின்ட் அடித்து, சுறாவும் புனிதரும் பிறையும் கீறி வைத்த போட்டை மறைத்தால் மிசினையே கடலில் எறிந்துவிடுவார்கள் என்றார். அவர் பகிடிக்குச் சொன்னதாக எனக்குப் படவில்லை.

இப்போது சாம்பல் பெட்டிக்கு வருகிறேன். இந்த விளக்கம் இளம் பிள்ளைகளுக்கு. டெஸ்க்டொப் புரோகிராமில் ஒவ்வொரு பட்டனுக்கும் அதைச் சுமக்கும் பேரன்ட் என்று ஒன்று உண்டு. பட்டனின் பெக்ரவுண்டை ட்ரான்ஸ்பேரன்ட் என்று வைத்தால், அது உண்மையில் கண்ணாடியாக மாறுவதில்லை. தன் பேரன்டிடம் என்ன நிறம் இருக்கிறதோ அதை வாங்கிப் பூசிக்கொள்ளும். நான் படத்தையும் பட்டன்களையும் ஃபோம் என்கிற ஒரே வெறும் பக்கத்தின் மேல் வைத்திருந்தேன். அப்போது படமும் பட்டனும் சகோதரங்கள், ஃபோம்தான் உம்மா. பின்னால் தம்பி அழகாக நிற்பதைப் பட்டன் கணக்கில் எடுக்காது. உம்மாவின் சாம்பல் நிறத்தைப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு பிளேன்டீயும் ஒரு அழுகையும் ஆனது. பிறகு புரோகிராம் கோடில் ஒவ்வொரு பட்டனின் பேரன்டாகவும் அந்தப் படத்தையே ஆக்கினேன். ஃபிளாட் ஸ்டைல் வைத்தேன். போர்டரைப் பூச்சியம் ஆக்கினேன். மௌஸ் மேலே வரும்போது மாறும் நிறத்தையும், அழுத்தும்போது மாறும் நிறத்தையும் ட்ரான்ஸ்பேரன்ட் ஆக்கினேன். ஓடவிட்டதும் பெட்டிகள் எல்லாம் மறைந்து போட்டுகள் பளிச்சென்று நின்றன. ரியாஸ் நானா கை தட்டினார்.

"நான் சொன்னன் தானே, சின்ன வேல."

2. கட்சி மாறிய மிசின்

சின்ன வேலையை அவர் அத்தோடு விட்டாரா? கல்பிட்டிக்குக் கொண்டுபோவதற்கு முந்தின நாள், படத்துக்கு மேலே சங்கத்தின் பெயர் வேண்டும், இடப்பக்கம் அன்றைய முறை வரிசை தெரியவேண்டும் என்றார். நான் படத்தைக் கீழேயும் வலப்பக்கமும் தள்ளினேன். பட்டன்களையும் அதே அளவு தள்ளி, போட்டுகளுக்கு மேல் சரியாக வைத்தேன். நேரம் போய்விட்டதால் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன, கண்ணுக்குத் தெரியாத பட்டன் சரியாக நிற்கிறதா என்று எப்படித் தெரியும்?

மறுநாள் கரையில் இருந்த டிக்கட் கொட்டிலுக்குள் பாதிச் சங்கம் கூடிவிட்டது. ஒரு பழைய வகை டச் ஸ்கிரீனை மேசையில் வைத்தோம். அது விரலைத்தான் ஏற்கும் என்றில்லை. எதை வைத்து அழுத்தினாலும் ஏற்கும். கடல் ஈரத்தோடு வரும் கைகளுக்கு அதுதான் தோது என்று ரியாஸ் நானா எங்கேயோ பார்த்து வாங்கியிருந்தார்.

"செக்ரெட்டரி முதல் தொடுங்க" என்றார்கள்.

ஜவுபர் நானா பிஸ்மி சொல்லி, தன் பச்சைப் போட்டை ஒரு விரலால் தொட்டார். இடப்பக்கம் வரிசையில் முதலாவதாகப் பக்கத்துப் போட்டின் சின்னப் படம் வந்து நின்றது. அது அங்கே நின்ற சுனில் என்பவரின் போட்.

சுனில் சிரித்துவிட்டார். "ஜவுபர் நானா, நீங்க எனக்காகவா வேலை செய்றது?"

"இன்னொருக்காத் தொடுங்க" என்று ரியாஸ் நானா சொன்னார். இன்னொருவர் தன் போட்டைத் தொட்டார். ஜவுபர் நானாவின் பச்சைப் போட் வந்தது. கொட்டிலுக்குள் சத்தம் கூடிவிட்டது.

"மிசினும் கட்சி மாறுது போல" என்றார் ஒருவர்.

ரியாஸ் நானா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நான் கீபோர்டை இழுத்தேன். எனக்கு முகம் சூடாகியிருந்தது. ஆனால் கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். என் உம்மா இதை ஒரு குறையாகத்தான் சொல்வார்.

பிழை சிம்பிள். நான் டிசைன் செய்யும்போது பட்டன்களை ஃபோமின் மூலையிலிருந்து அளந்து வைத்திருந்தேன். ஓடவிட்டதும் கோட் அவற்றைப் படத்துக்குள் தூக்கிப் போட்டது. படத்துக்குள் போன பட்டன் அதே அளவைப் படத்தின் மூலையிலிருந்து அளக்கும். படத்தை நான் தள்ளிய அளவு பட்டன்களுக்கு இரண்டு தடவை விழுந்தது. எல்லாம் ஒரு போட் தள்ளி வலப்பக்கம் போய் நின்றன. சாதாரணப் பட்டனாக இருந்தால் ஒரு குழந்தையே பார்த்துச் சொல்லியிருக்கும்.

ஒவ்வொரு பட்டனுக்கும் அந்த அளவைக் கழிக்க ஒரு வரி எழுதினேன். ஆனால் இந்தத் தடவை குருட்டாம்போக்கில் விடத் தயாராக இல்லை. எல்லாப் பட்டனுக்கும் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் மெல்லிய சிவப்பு நிறம் கொடுத்தேன். ஓடவிட்டதும் ஒவ்வொரு போட்டின் மேலும் சிவப்புச் சதுரம் சரியாக உட்கார்ந்தது. ஊடாகத் தெரிய வேண்டியதை முதலில் நிறம் போட்டுப் பார், பிறகு நிறத்தை எடு. இது அன்று கற்றது, இன்றும் செய்கிறேன்.

3. சிவப்பில் இல்லாத ஒருவர்

எல்லாரும் சிவப்புச் சதுரத்தில் தங்கள் தங்கள் போட்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, கொட்டில் வாசலிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

"தங்கச்சி, எனக்கு எங்க?"

ஸ்டெல்லா அக்காவை எனக்கு அன்றுதான் தெரியும். மன்னார்ப் பக்கமிருந்து யுத்த காலத்தில் வந்து கல்பிட்டியில் குடியிருப்பவர். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்து திரும்பி, தொழிலை விட்டுப்போன ஒருவரிடமிருந்து ஒரு போட்டை வாங்கியிருந்தார். அதற்கு அன்னம்மா என்று பெயர் வைத்து, ஓட்டுவதற்கு ஓர் ஆளையும் பிடித்திருந்தார். சங்கத்திலும் சேர்ந்திருந்தார். படம் எடுத்த அன்று அன்னம்மா எஞ்சின் திருத்தச் சிலாபத்துக்குப் போயிருந்தது.

நான் படத்தைப் பார்த்தேன். சுறாப் படம் கீறிய போட்டுக்கும் சுனிலின் போட்டுக்கும் நடுவில் வெறும் மணல்.

ஜவுபர் நானா தொண்டையைச் செருமினார். "படத்துல இல்லாத போட்டுக்கு எப்படி ஸ்டெல்லா முறை விழும்? அடுத்த வருஷம் புதுசா படம் எடுக்கக்குள்ள பாப்பம்."

"அடுத்த வருஷம் வரைக்கும் போட் என்ன, மணல் ஏத்துறதோ?"

"கமிட்டி கூடிக் கதைக்கோணும். முறைக்கு ஆள் கூடினா மத்தவங்களுக்குக் கொறையுது. விளங்குது தானே?"

"விளங்குது. எனக்கு விளங்குறதும் உங்களுக்கு விளங்கோணும். இந்த சீசன் ஓடாட்டி நான் போட்ட வித்துப்போட்டுத் திரும்பக் குவைத்துக்குத்தான் போகோணும். மகள் இந்த முறை விடமாட்டன் எண்டு கால்ல விழுந்து கிடக்கிறாள்."

அதை அவர் சத்தம் போடாமல்தான் சொன்னார். ரியாஸ் நானா என் காலை மேசைக்குக் கீழே மெல்ல மிதித்தார். பேசாதே என்று அர்த்தம். நான் காலை இழுத்துக்கொண்டேன்.

"ஜவுபர் நானா, ஒரு கேள்வி. இந்த மணல்ல ஏன் வேற யாரும் போட்ட ஏத்தி வெக்கல்ல? எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் இடிச்சிட்டு நிக்கிறாங்க. இதுல மட்டும் இவ்வளவு இடம்."

"அதெப்படி ஏத்துற? அது ஸ்டெல்லாட இடம்" என்றார் ஜவுபர் நானா, இதுகூடத் தெரியாதா என்ற குரலில்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. சுனில் முதலில் சிரித்தார். பிறகு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்த அக்கா அங்கே இல்லாத நாளிலும் அத்தனை பேரும் அவருடைய இடத்தை விட்டுத்தான் நின்றிருக்கிறார்கள். படமே சாட்சி.

"எடம் வேற, முறை வேற" என்றார் ஜவுபர் நானா. விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"எனக்கு முறை தெரியாது நானா. நீங்க தந்த வேல, யாருக்கு எங்க இடமோ அங்க பட்டன் வெக்கிறது."

நான் ஒரு சிவப்புச் சதுரத்தை இழுத்து அந்த மணலின் மேல் விட்டேன். ஸ்டெல்லா அக்கா போனில் வைத்திருந்த அன்னம்மாவின் படத்தை வாங்கி வரிசைக்குச் சேர்த்தேன். பிறகு எல்லாப் பட்டனின் சிவப்பையும் எடுத்தேன். போட்டுகள் மீண்டும் பளிச்சென்று நின்றன. மணல் வெறும் மணலாகவே கிடந்தது.

ஜவுபர் நானா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "சரி, பட்டன் இரிந்திட்டுப் போகட்டும். கமிட்டி கூடினாப் பொறகுதான் அதத் தொடலாம்."

திரும்பி வரும் வழியில் பாலாவிச் சந்தி வரும் வரை ரியாஸ் நானா என்னோடு கதைக்கவில்லை. சந்தியில் இறங்கி வடை வாங்கித் தந்தார். அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

4. லேஞ்சி

சீசன் தொடங்கும் காலை நானும் ரியாஸ் நானாவும் விடியும்போதே கரையில் நின்றோம். கமிட்டி இன்னும் கூடவில்லை. அந்தச் சங்கத்தின் கமிட்டி பெருநாள் பிறையைப் போன்றது, எப்போது தெரியும் என்று சொல்ல முடியாது. ஸ்டெல்லா அக்கா எல்லாருக்கும் பின்னால் நின்றார். அன்னம்மா புது நீலப் பெயின்டோடு தன் இடத்தில் நின்றது. அவருடைய ஓட்டி எஞ்சினைப் பூட்டாமல் பக்கத்தில் குந்திக்கொண்டு இருந்தார். கொழும்பிலிருந்து பெரிய கூட்டமொன்று வந்திருந்தது. முதல் போட்டை அந்தக் கூட்டம் முழுநாளுக்கும் எடுக்கப்போவது எல்லாருக்கும் தெரியும்.

கொட்டில் பூட்டின் திறப்பு ஜவுபர் நானாவிடம்தான் இருந்தது. திறந்து, துணியை எடுத்து, கொம்பியூட்டரைப் போட்டார். ஸ்கிரீன் முழுக்க உப்புக் காற்றுப் படிந்து மங்கிக் கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் முன்னால் தள்ளினார்கள்.

"பொறுங்க, பொறுங்க. ஒழுங்காத் தொடைச்சிட்டுத் தாறன்" என்று சட்டைப் பையிலிருந்து தன் கைத்துணியை, அந்த லேஞ்சியை எடுத்தார்.

"நானா, கவனம். போட்டுல கை பட்டா முறை விழும்" என்றேன்.

"எனக்குத் தெரியாதா மக? போட்ட ஒண்டையும் தொடமாட்டன்."

அவர் சொன்னது போலவே செய்தார். மிகவும் கவனமான மனிதர். பச்சைப் போட்டைத் தொடவில்லை, சுனிலின் போட்டைத் தொடவில்லை, சுறாவைத் தொடவில்லை. எல்லாருக்கும் தெரியும்படி, போட் இல்லாத ஓரிடத்தைத் தேடிப் பிடித்து, லேஞ்சியை மடித்து, வெறும் மணலில் வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்தார்.

மிசின் 'டிங்' என்றது. வரிசையில் முதலாவதாக அன்னம்மா வந்து நின்றது.

சுனில் தொடையில் அடித்துச் சிரித்தார். அதன் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. ஒருவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். ரியாஸ் நானா மரியாதைக்காகக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார், ஆனால் அவருடைய முதுகு குலுங்கியது.

"அழிச்சிடு மக" என்றார் ஜவுபர் நானா, லேஞ்சியைக் கையில் பிடித்தபடி.

"அழிக்க ஏலாது நானா. அழிக்கிற பட்டன் வெச்சா சண்ட வரும் என்டு நீங்கதான் வேணாம் என்டீங்க."

"நான் போட்ட தொடல்ல. மணலத்தான் தொட்டன்."

"அது ஸ்டெல்லாட இடம்" என்று வரிசையில் யாரோ சொன்னார்கள், அவருடைய குரலிலேயே.

அந்த நேரம் அவர் கோபப்பட்டிருக்கலாம். ஸ்கிரீனை அணைத்திருக்கலாம். செக்ரெட்டரி அவர், திறப்பும் அவர் கையில். ஸ்டெல்லா அக்கா அசையவில்லை. அவர் சிரிக்கவும் இல்லை. ஜவுபர் நானாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜவுபர் நானா லேஞ்சியை மடித்துப் பையில் வைத்தார். ஒரு முறை வாசலுக்கு வெளியே, நீலப் பெயின்ட் அடித்த போட்டைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா" என்றார். "ஒங்கட ஆள எஞ்சினப் பூட்டச் சொல்லுங்க. ஆக்கள் காத்துட்டு இரிக்கிறாங்க."

"கமிட்டி?" என்று ஸ்டெல்லா அக்கா கேட்டார்.

"செக்ரெட்டரி தொட்டாச்சு. இனிக் கமிட்டி என்னத்துக்கு?"

ஸ்டெல்லா அக்கா தலையை ஆட்டிவிட்டு ஓடினார். வயது வந்த ஒரு பெண் மணலில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது. உப்புக் காற்று என்று ரியாஸ் நானாவிடம் சொன்னேன். தனக்கும் அப்படித்தான் என்றார்.

அடுத்த கிழமை நான் போய் ஒரு பூட்டுப் பட்டன் வைத்தேன். ஸ்கிரீனைத் துடைப்பதற்கு முன் அதை அழுத்தவேண்டும். அந்த ஒன்றை மட்டும் ஊடாகத் தெரிய விடவில்லை. கடும் சிவப்பில், ஆனை அளவில் வைத்தேன். ஜவுபர் நானா அதைப் பார்த்து, "இது எனக்காகவா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்குச் சந்தோஷம்தான்.

ஸ்டெல்லா அக்கா அந்த சீசன் முழுக்க வெறும் மணலைத் தொட்டுத்தான் முறை எடுத்தார். வந்த பயணிகள் அதைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றார்களாம். அவர் குவைத்துக்குப் போகவில்லை. மறுவருஷம் புதுப் படம் எடுத்தபோது அன்னம்மாவும் வரிசையில் நின்றது.

இப்போது என்னிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஊடாகத் தெரியும் பட்டன் ஒரு வரிக் கோட். பேரன்ட், சாம்பல் நிறம் என்றெல்லாம் நான் சொன்னால் கிழவிக் கதை கேட்பது போல் கேட்கிறார்கள். கேட்கட்டும். அதை மறந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஸ்கிரீனில் எல்லாம் சரி, முடிந்தது என்று அவர்கள் வந்து சொல்லும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன். இந்தப் படம் எடுத்த அன்று வராதது யார்? அதற்குப் பதில் கொண்டுவந்தால்தான் வேலை முடிந்ததாக எடுப்பேன். கல்பிட்டியில் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை. ஸ்டெல்லா அக்கா தானாக வந்து வாசலில் நின்று கேட்டார். அப்படி வந்து கேட்கிற தைரியம் எல்லாருக்கும் இருக்காது.